திட்டு வாங்கிய பையனும் துருப்பிடித்த கம்பியும்



மேசனுக்குச் சாந்து குழைத்துக் கொடுக்கும் உதவியாளை நம் பகுதியில் 'முட்டாள்' என்பார்கள். அது தொழிற்பெயர். ஆனால் அதையே வசவாக்கி, நாள் முழுக்க ஒரு பையனை நோகடிப்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். பார்த்தும் பேசாமல் இருந்தவர்களில் நானும் ஒருவன்.

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட நம்மில் பலர், 2009இல் யுத்தம் முடிந்த பின்னரே மன்னாருக்குத் திரும்பினோம். 2012இல் நான் கடை கட்டினேன். அதே ஆண்டில் வடக்கில் இந்திய வீட்டுத்திட்டம் பெரிய அளவில் தொடங்கியது. வீட்டுக்காரரே கட்ட வேண்டும்; ஐந்தரை இலட்சம் ரூபா கட்டங்கட்டமாக வரும். ஒரு கட்டம் முடிந்தால்தான் அடுத்த பணம். எல்லோருக்கும் அவசரம், மேசன்மாருக்குத் தட்டுப்பாடு. கிடைத்த பாஸ் கோபித்துப் போய்விடுவாரோ என்று, அவர் பையனைத் திட்டும்போதும் கரண்டியால் எறியும்போதும் நான் கணக்குக் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

மன்னார் தீவில் பல கிணறுகள் உவர். ஆகவே கொங்கிறீட்டுக்கு பவுசரில் நல்ல தண்ணீர் இறக்கியிருந்தேன். தட்டுப் போட்ட அன்று அது பாதியில் முடிந்தது. கேள்வி கேட்டாலே ஏச்சு வாங்கிப் பழகிய பையன், யாரிடமும் சொல்லாமல் கிணற்றில் அள்ளி ஊற்றிவிட்டான்.

உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருத்து கொங்கிறீட்டை வெடிக்க வைக்கும். சில வருடங்களில் தட்டின் ஒரு மூலை பெயர்ந்து விழுந்தது. கீழே ஆளில்லாதது அல்லாஹ்வின் கிருபை. பின்னர் மேசனாகிவிட்ட அதே பையன் கடைக்கு வந்தபோது, "முதலாளி, அன்றைக்கு உப்புத் தண்ணிதான் ஊத்தினேன். சொல்லப் பயமா இருந்தது" என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதில் நான் படித்த பாடம் ஒன்றுதான்: ஆளை மிரட்டினால் பிழை குறையாது, பிழை ஒளிந்துகொள்ளும்.

இப்போது மூன்று விடயங்களைக் கடைப்பிடிக்கிறேன். வேலை தொடங்கும் நாளிலேயே, ஏதும் பிழைத்தால் என்னிடமே நேரில் சொல்லலாம் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுவேன். உதவியாளின் கூலியை பாஸ் கையில் கொடுக்காமல் அவன் கையிலேயே கொடுப்பேன். கூலி யார் கையில் இருக்கிறதோ அவருக்கே அவன் பயப்படுவான். கைநீட்டினால் வேலை நிற்கும் என்பதைக் கொந்தராத்திலேயே எழுதிவிடுவேன்.

சர்வதேச தொழில் தாபனம் 2019இல் நிறைவேற்றிய 190ஆம் இலக்க சமவாயம், மனத்தைப் பாதிக்கும் துன்புறுத்தலையும் வன்முறையோடு சேர்த்தே பேசுகிறது. தொழில் பழகும் பையன்களையும் அது உள்ளடக்குகிறது. நமக்கோ இது புதிதல்ல. நபி (ஸல்) அவர்களுக்குப் பத்து வருடம் பணிவிடை செய்த அனஸ் (ரழி) அவர்கள், தன்னை ஒரு தடவைகூட 'சீ' என்று சொன்னதில்லை என்று அறிவித்திருக்கிறார்கள்.

அடுத்த முறை உங்கள் கட்டிடத்தில் ஏச்சுச் சத்தம் கேட்டால், கொப்பியை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்ப் பாருங்கள்.