ஒட்டு ரோஜா கற்பித்த பாடம்

(இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு, தாவரவியல்)

மலர்களின் அரசி ரோஜா என்பர். அவ்வரசியின் குடும்பத்தில் ‘புளோரிபண்டா’ என்பது ஒரு பிரிவு. பெரிய மலர் தரும் ஹைபிரிட் டீ ரோஜாவையும், சிறு மலர்களைக் கொத்தாகத் தரும் பாலியந்தா ரோஜாவையும் கலந்து, டென்மார்க்கின் பவுல்சன் குடும்பத்தினர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வினத்திற்கு வழிவகுத்தனர். இதில் குட்டையாக வளர்ந்து அடர் சிவப்பில் பூப்பது ‘யூரோப்பியானா’. நெதர்லாந்தின் டி ரூய்ட்டர் 1963-இல் இதனை வெளியிட்டார்.

சேர்த்து வைத்த காசில் இதன் ஒட்டுச்செடி ஒன்றை வாங்கி வீட்டு முற்றத்தில் நட்டேன். ஒன்றரை அடிக் குழியில் செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் இட்டேன். ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரியுமாறு வைத்தேன். ஆறு மணி நேர வெயில் கிடைத்தது. இலை நனைந்தே இருந்தால் கரும்புள்ளி நோய் பரவுமாதலால், காலையில் வேருக்கு மட்டும் நீர் விட்டேன். இருமுறை கொத்துக் கொத்தாகப் பூத்தது.

பிறகு அடியிலிருந்து ஒரு கிளை விறுவிறுவென எழுந்தது. ஒரே மாதத்தில் இடுப்பளவு! அம்மாவுக்கும் எனக்கும் பெருமகிழ்ச்சி. ஆனால் பழைய கிளைகள் மெலிந்தன. மொட்டு வைப்பதும் நின்றது. எரு போதவில்லை என்றெண்ணி மேலும் இட்டேன். பயனில்லை.

வகுப்பில் ஒட்டுமுறை பற்றிய பாடம் நடந்த அன்றுதான் பொறி தட்டியது. ஒட்டுச்செடி என்பது இரண்டு செடிகள்: கீழே வலிய வேர்ச்செடி, மேலே நாம் விரும்பும் ரகம். யூரோப்பியானாவின் இளந்தளிர் செம்பு கலந்த சிவப்பு; புதுக்கிளையின் தளிரோ வெளிர்பச்சை. மாலையில் மண்ணைக் கிளறினேன். ஐயமில்லை, அக்கிளை ஒட்டுக்குக் கீழே, வேர்ச்செடியில் பிறந்திருந்தது. உணவையெல்லாம் அதுவே உண்டது. நான் இட்ட எருவும் அதற்கே போயிற்று!

“நல்லா வளர்றதைப் போய் எடுக்கிறியே!” என்று அம்மா தடுத்தார். எனக்கும் கை தயங்கியது. மண்மட்டத்தில் வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். எனவே பிறந்த இடத்திலேயே பிடித்துக் கீழ்நோக்கிப் பிய்த்தெடுத்தேன். பழைய கிளைகளை, வெளிப்புறம் நோக்கிய கண்ணுக்குச் சற்று மேலே சாய்வாகக் கவாத்து செய்தேன்.

மூன்று கிளைகளில் இரண்டு காய்ந்துவிட்டன. மூன்றாவதில் செந்தளிர் தோன்றியது. ஏழு வாரங்களில் ஒரு கொத்து மலர்ந்தது. சாமிக்குப் பறிக்க வந்த அம்மா, “செடியிலேயே இருக்கட்டும்” என்று திரும்பிவிட்டார்.

நண்பர்களே, ஒட்டு ரோஜா வளர்ப்போர் வாரம் ஒருமுறை அதன் அடியைப் பாருங்கள். செழித்து வளர்வதெல்லாம் நாம் நட்டதாகிவிடாது.