புரோட்டானின் சுழற்சிக் கணக்கு

வேடசந்தூர்

அன்புள்ள பேத்திக்கு,

புரோட்டானுக்குள் இரண்டு ‘அப்’ குவார்க்குகளும் ஒரு ‘டவுன்’ குவார்க்கும் இருக்கின்றன என்றும், ஒவ்வொன்றுக்கும் அரை அளவு தற்சுழற்சி உண்டென்றும், அவற்றுள் இரண்டு ஒரு திசையையும் ஒன்று அதற்கு எதிர்த்திசையையும் நோக்கினால் மிஞ்சுவது சரியாக அரையே என்றும், புரோட்டானின் தற்சுழற்சியும் அதே அரையாக இருக்கும்போது இதில் ஆராய்வதற்கு இன்னும் என்ன மிச்சமிருக்கிறது என்றும் கேட்டு நீ எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. கூட்டலில் பிழை இல்லை, அம்மா. 1964-இல் மர்ரே கெல்மானும் ஜார்ஜ் ஸ்வைக்கும் தனித்தனியே குவார்க்குகளைப் பற்றிச் சொன்ன நாள்முதல் கால் நூற்றாண்டுக் காலம் பெரியவர்களும் ஏறத்தாழ இப்படித்தான் கூட்டினார்கள். மிகுந்த வேகத்தில் ஓடும் துகள்களுக்குச் சார்பியல் விதிகளின்படி ஓரளவு கழிவு உண்டு என்பதை அறிந்தவர்கள்கூட, பாதிக்கு மேலாவது குவார்க்குகளின் கணக்கில் தேறும் என்று நம்பினார்கள். 1970-களில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் நடந்த முதல் அளவீடுகளும் அந்த நம்பிக்கைக்கு முரணாக எதையும் காட்டவில்லை.

புரோட்டான் ஒரு வெறும் புள்ளியன்று என்பதற்கு முதல் தடயம் அதற்கும் வெகுகாலம் முன்பே, 1933-இல், ஓட்டோ ஸ்டெர்ன் அதன் காந்தத் திறனை அளந்தபோதே கிடைத்துவிட்டது. உள்ளமைப்பு ஏதுமற்ற துகளாயிருந்தால் ஓர் அலகாக இருக்கவேண்டிய அந்த அளவு இரண்டரை அலகுக்குக் குறையாமல் வந்தது. இன்று நாம் அறிந்த மதிப்பு 2.79. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் காட்டியது, மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்டான்ஃபோர்டு முடுக்கியில் 1967 முதல் நடந்த பரிசோதனைகள்தாம். அங்கே அதிவேக எலெக்ட்ரான்களைப் புரோட்டான்மீது மோதவிட்டபோது, எதிர்பார்த்ததைவிட மிக அதிகமானவை பெரிய கோணங்களில் சிதறின. உள்ளே சிறியனவும் கடினமானவையுமான ஏதோ சில இருந்தாலன்றி அவ்வாறு நிகழ இயலாது. அதற்காக ஃப்ரீட்மன், கெண்டல், டெய்லர் என்ற மூவருக்கும் 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது. அத்தகைய அளவீடுகளிலிருந்தே மற்றொரு விசித்திரமும் வெளிப்பட்டது: புரோட்டானின் உந்தத்தில் குவார்க்குகள் சுமப்பது ஏறக்குறையப் பாதியே. மீதியைச் சுமப்பவை, குவார்க்குகளை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்தும் குளுவான்கள். குளுவான்களிலிருந்து கணந்தோறும் குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் இணையிணையாகத் தோன்றி மறைகின்றன. ஆகவே உன் பாடப் புத்தகத்தின் மூன்று வட்டங்கள் புரோட்டானின் மேலோட்டமான முகவரியே தவிர, அதன் குடும்பக் கணக்கு அன்று.

நெருங்கவே முடியாத ஒன்றின் உள்ளே நிகழும் சலனத்தை எவ்வாறு அறிவது என்ற ஐயம் உனக்கு இயல்பாகவே எழும். நம் மாவட்டத்திலேயே அதற்குக் கீர்த்தி வாய்ந்த ஒரு முன்னுதாரணம் உண்டு. 1909-இல் கொடைக்கானல் வான்நோக்கு நிலையத்தில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளிலிருந்து வந்த ஒளியைப் பிரித்து, அதிலுள்ள கோடுகள் புள்ளியின் ஒரு புறத்தில் சிவப்புப் பக்கமாகவும் மறுபுறத்தில் நீலப் பக்கமாகவும் சிறிதே நகர்ந்திருப்பதைக் கண்டு, புள்ளிக்குள் வாயுக்கள் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்கின்றன என்று நிரூபித்தார். அவர் சூரியனைத் தொடவில்லை. இரண்டு பக்கங்களிலும் வந்துசேர்ந்தவற்றை ஒப்பிட்டு அவற்றின் வேற்றுமையிலிருந்து அனுமானித்தார். புரோட்டான் ஆராய்ச்சியிலும் பிரத்தியட்சம் என்பது கிடையாது. ஒரு பக்கத்தையும் மறுபக்கத்தையும் எண்ணி ஒப்பிட்டுப் பெறும் அனுமானமே எல்லாம்.

இனி உன் கணக்கு குலைந்த கதைக்கு வருகிறேன். ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் ஐரோப்பிய மியுவான் கூட்டுக்குழு என்ற அணியினர், தற்சுழற்சி ஒரே திசையில் நிற்கும் மியுவான் என்னும் துகள்களை, தற்சுழற்சி ஒழுங்குபடுத்தப்பட்ட புரோட்டான்கள்மீது செலுத்தினார்கள். இரண்டின் தற்சுழற்சிகளும் ஒரே திசையில் இருக்கும்போது நிகழும் மோதல்களும், எதிரெதிராக இருக்கும்போது நிகழும் மோதல்களும் எண்ணிக்கையில் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதுதான் அளவீடு. குவார்க்குகள் புரோட்டானின் திசையையே பின்பற்றுகின்றனவா என்பதை அந்த வேற்றுமை காட்டிக்கொடுத்துவிடும். 1988-இல் வெளிவந்த முடிவு உலகத்தைத் திகைக்கவைத்தது. குவார்க்குகளின் தற்சுழற்சி அனைத்தையும் கூட்டினாலும் புரோட்டானின் சுழற்சியில் சிறு பங்குதான் தேறியது. அளவுப் பிழைக்கு இடம் கொடுத்தால் பூச்சியம் என்றுகூடச் சொல்லலாம் போலிருந்தது. பிற்காலத்துச் செம்மையான அளவீடுகள் அதனை நூற்றுக்கு முப்பது என்ற அளவுக்கு உயர்த்தின. அதற்கு மேல் அது ஏறவில்லை. இதனை அக்காலத்தில் ‘நெருக்கடி’ என்று வருணித்தார்கள். எனக்கென்னவோ அது மிகையான வார்த்தையாகவே படுகிறது. கொள்கை ஏதும் பொய்த்துவிடவில்லை. பேரேட்டில் இருந்த மற்றப் பத்திகளை நிரப்பாமலே மொத்தம் போட்டிருந்தார்கள், அவ்வளவே.

அந்த மற்றப் பத்திகள் இரண்டு. ஒன்று, குளுவான்களின் தற்சுழற்சி. மற்றொன்று, குவார்க்குகளும் குளுவான்களும் புரோட்டானுக்குள் சுற்றி ஓடுவதனால் உண்டாகும் கோண உந்தம். நம் ஊரைச் சுற்றியுள்ள நூற்பாலைகளில் ரிங் பிரேம் ஓடுவதை நீ பார்த்திருக்கிறாய். ஸ்பிண்டில் தன் அச்சிலேயே நின்று சுழல்கிறது. டிராவலர் என்னும் சிறு கம்பி வளைவோ, ஸ்பிண்டிலைச் சூழ்ந்த வளையத்தின்மீது சுற்றிச் சுற்றி ஓடுகிறது. ஸ்பிண்டிலின் சுழற்சியை மட்டும் அறிந்து, டிராவலரின் ஓட்டத்தை அறியாதவன், நூல் எப்படிச் சுற்றிக்கொள்கிறது என்பதை ஒருநாளும் விளக்கமாட்டான். ஏனெனில் இரண்டின் வேகங்களுக்குமிடையே உள்ள சொற்ப வித்தியாசந்தான் நூலைச் சுற்றச் செய்கிறது. ஆனால் ஆலையில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்க்கலாம். புரோட்டானை நிறுத்த வழியில்லை. அதுவன்றி, குவார்க்கின் தற்சுழற்சி ஸ்பிண்டிலின் சுழற்சியைப் போல வேகம் கூட்டவோ குறைக்கவோ கூடியதும் அன்று. அது பிறவிக் குணம்.

இந்தப் பத்திகளை நிரப்புவதற்கென்றே அமைந்ததுபோல் வாய்த்தது, நியூயார்க் மாநிலத்து லாங் ஐலண்டில் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 2000-இல் இயங்கத் தொடங்கிய மோதுவளையம். சுற்றளவு 3.8 கிலோமீட்டர். தற்சுழற்சி ஒழுங்குபடுத்தப்பட்ட இரண்டு புரோட்டான் கற்றைகளை எதிரெதிரே ஓடவிட்டு மோதவைக்கும் ஆற்றல் உலகில் அதற்கே உரித்தாக இருந்தது. ஒரு கற்றையின் தற்சுழற்சியை ஒழுங்குபடுத்துவது ஒருபுறமிருக்க, வளையத்தின் காந்தங்களுக்கூடே கோடிக்கணக்கான முறை சுற்றிவரும்போது அவ்வொழுங்கு சிதையாமல் காப்பது பெரும்பாடு. சிறு சிறு காந்தக் குறைகள் ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்து சேர்ந்து திசையைக் கலைத்துவிடும். இதற்குச் சோவியத் நாட்டு நோவோசிபிர்ஸ்கைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 1970-களில் ஓர் அருமையான உபாயம் சொன்னார்கள்: முறுக்கிய அமைப்புடைய காந்தங்களை வளையத்தில் வைத்து, கடந்துபோகும் புரோட்டானின் தற்சுழற்சியைத் தலைகீழாகத் திருப்பிவிட்டால், ஒரு முறை சேர்ந்த பிழை அடுத்த முறை கழிந்துபோகும். அக்காந்தங்களுக்குச் ‘சைபீரியப் பாம்புகள்’ என்று பெயர். மேலும், கற்றை தொடர்ச்சியான நீரோட்டமன்று, தனித்தனிக் கொத்துகள். அடுத்தடுத்த கொத்துகளில் தற்சுழற்சியை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வதால், கருவியின் ஒரு புறம் சற்றுக் குறைவாக எண்ணுகிறது என்பது போன்ற குறைகளும் முடிவில் தாமே நீங்கிவிடும். அங்கே எடுத்த தரவுகளைக் கொண்டு 2014-இல் செய்த கணிப்பு, குளுவான்களின் தற்சுழற்சிக்கு, அளக்க முடிந்த எல்லைக்குள், நூற்றுக்கு நாற்பது அளவில் பங்கு உண்டு என்று காட்டியது.

இவ்விடத்தில் நம் சென்னையோடு தொடர்புடைய ஒரு பெரியவரை நினைவுகூர்வது கடமை. கோட்டயத்தில் பிறந்து, தாம்பரம் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் பயின்ற ஈ. சி. ஜி. சுதர்சன், 1957-இல் தம் ஆசிரியர் ராபர்ட் மார்ஷக்குடன் சேர்ந்து, அணுக்கருச் சிதைவுகளை ஆளும் மெல்விசை இடக்கைத் துகள்களோடு மட்டுமே உறவு கொள்ளும் என்ற விதியை வகுத்தார். இடக்கை என்றால், தற்சுழற்சி ஓடும் திசைக்கு எதிராக நிற்பது என்று கொள். அதே விதியைப் பின்னர் ஃபைன்மனும் கெல்மானும் வெளியிட்டார்கள். புகழின் பெரும்பகுதி அவர்களிடமே போய்ச் சேர்ந்தது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது. 1980-களில் சுதர்சன் சென்னைக்குத் திரும்பி, தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகப் பணிபுரிந்தார். அவர் வகுத்த விதி புரோட்டானின் வயிற்றுக்குள்ளேயே ஓர் அளவுகோலாக ஆனது. மோதலில் ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்து, புரோட்டானைப் போல் எண்பத்தைந்து மடங்கு நிறையுள்ள ‘டபிள்யூ’ துகளைப் பிறப்பிப்பதுண்டு. அது மெல்விசையின் தூதன் ஆகையால், இடக்கைக் குவார்க்கையும் வலக்கை எதிர்க்குவார்க்கையுமே ஏற்கும். எனவே புரோட்டானின் தற்சுழற்சியைத் திருப்பினால் ‘டபிள்யூ’ பிறக்கும் எண்ணிக்கையே மாறவேண்டும். மாறுகிற அளவு, எந்தக் குவார்க்கு எந்தப் பக்கம் நோக்கியிருந்தது என்பதைச் சொல்லிவிடும். புரூக்ஹேவனின் ‘ஸ்டார்’ பரிசோதனைக் குழு இவ்வழியில் 2019-இல் கண்டது, எதிர்-அப் குவார்க்குகள் புரோட்டானின் சுழற்சிக்கு எதிர்-டவுன் குவார்க்குகளைவிட அதிகமாகத் துணை செய்கின்றன என்பது. எண்ணிக்கையிலோ எதிர்-டவுன்களே அதிகம். தலைகளை எண்ணியதும் பங்கு தெரிந்துவிடும் என்ற எண்ணத்தை இதனாலேயே கைவிடவேண்டியிருக்கிறது.

சுற்றி ஓடும் ஓட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டியது இதைவிடச் சுவையானது. 1991-இல் சிகாகோவை அடுத்த ஃபெர்மி ஆய்வகத்தில், தற்சுழற்சி மேல்நோக்கி நிற்கும் புரோட்டான்களை மோதவிட்டபோது, கற்றை செல்லும் திசையை நோக்கி நிற்பவனுக்கு பயான் என்னும் துகள்களில் நேர்மின்னுடையவை இடப்பக்கமும் எதிர்மின்னுடையவை வலப்பக்கமும் மிகுதியாகச் சிதறின. அவ்வளவு உயர்ந்த ஆற்றலில் இடவல வேற்றுமை அற்றுப்போகும் என்றே கொள்கையாளர்கள் கணித்திருந்தார்கள். டென்னிஸ் சிவர்ஸ் என்பவர் அதற்கு முந்திய ஆண்டே ஒரு விளக்கம் தந்திருந்தார்: புரோட்டானின் தற்சுழற்சி மேல்நோக்கியிருக்கையில் அதனுள் இருக்கும் குவார்க்குகளின் பக்கவாட்டு ஓட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். இதனை ஜான் காலின்ஸ், காலத்தைத் திருப்பிப் பார்த்தால் அத்தகைய சாய்வு இயலாது என்று 1993-இல் மறுத்தார். சாய்வு ஒழிந்தது என்றே பலரும் நினைத்திருக்க, 2002-இல் ப்ராட்ஸ்கி, ஹ்வாங், ஷ்மிட் என்ற மூவரும், மோதுண்டு வெளியேறும் குவார்க்கை எஞ்சிய புரோட்டான் துண்டு பின்னுக்கு இழுப்பதைக் கணக்கில் சேர்த்தால் சாய்வு தோன்றியே தீரும் என்று காட்டினார்கள். காலின்ஸ் தம் மறுப்பில் இருந்த ஓட்டையைத் தாமே ஒப்புக்கொண்டதோடு நில்லாமல், அதிலிருந்து புதிய முன்னறிவிப்பு ஒன்றையும் எடுத்தார்: எலெக்ட்ரான் குவார்க்கைத் தாக்கும் மோதலில் அவ்விழுப்பு மோதலுக்குப் பின் நேர்கிறது, குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் அழிந்து ‘டபிள்யூ’ போன்ற துகள் பிறக்கும் மோதலிலோ முன்னரே நேர்கிறது, ஆகவே இரண்டு வகை மோதல்களிலும் சாய்வின் குறி எதிரெதிராக இருக்கவேண்டும். எதிராளியின் கருத்தை மறுத்தவர், தாம் தோற்ற இடத்திலிருந்தே அதற்கு மிகக் கடுமையான பரீட்சையையும் வகுத்துத் தந்த அழகை விஞ்ஞான சரித்திரத்தில் அடிக்கடி காணமுடியாது.

ஜெர்மனியின் ஹெர்மெஸ் பரிசோதனையும் செர்னின் காம்பஸ் பரிசோதனையும் முதல்வகை மோதல்களில் சாய்வை அளந்து, அப் குவார்க்குகளும் டவுன் குவார்க்குகளும் எதிரெதிர்ப் பக்கங்களில் சாய்கின்றன என்று கண்டன. இரண்டாம் வகையில் ‘ஸ்டார்’ குழு 2016-இல் ‘டபிள்யூ’ துகள்களைக் கொண்டும், காம்பஸ் குழு 2017-இல் வேறொரு வழியிலும் பெற்ற முடிவுகள் குறி மாறுகிறது என்ற பக்கமே நிற்கின்றன. எனினும் நிகழ்வுகள் சொற்பமாகையால், வழக்கு முடிந்தது என்று கதவைச் சாத்திவிட இயலவில்லை. இதற்கிடையே, புரூக்ஹேவன் வளாகத்தில் எலெக்ட்ரானையும் புரோட்டானையும் மோதவிடும் புதிய வளையம் அமைக்க 2020-இல் தீர்மானமாயிற்று. இந்தியக் கல்வி நிலையங்கள் பலவும் அதில் பங்கேற்கின்றன. நீ ஆராய்ச்சிக்குப் போகும் வயதில் அது அளவெடுக்கத் தொடங்கியிருக்கலாம்.

அதற்குமுன் நீயே செய்துபார்க்க ஒரு கணக்கு வைக்கிறேன். அப் குவார்க்கின் மின்னூட்டம் மூன்றில் இரண்டு. டவுனுக்கு மூன்றில் ஒன்று, எதிர்க்குறியோடு. எதிர்க்குவார்க்குக்குக் குறி தலைகீழ். நேர்மின் ‘டபிள்யூ’ பிறக்க எந்தக் குவார்க்கும் எந்த எதிர்க்குவார்க்கும் சேரவேண்டும், எதிர்மின் ‘டபிள்யூ’ பிறக்க எவை சேரவேண்டும் என்று முதலில் எழுது; பிறகு, எதிர்-அப் குவார்க்கை மட்டும் தனியே அறிய விரும்புகிறவன் எந்த ‘டபிள்யூ’வை எண்ணவேண்டும் என்பதை யோசித்து எனக்குப் பதில் போடு.

இப்படிக்கு,
அன்புள்ள தாத்தா