வரிசையும் முறையும்

கோடை விடுமுறைக்கு ஊர் செல்ல முன்பதிவு தொடங்கும் காலை வேளையை எண்ணிப் பாருங்கள். தில்லியிலிருந்து சென்னை செல்லும் இரயிலில் ஓர் இடமே எஞ்சியுள்ளது. இருவர் ஒரே நேரத்தில் தத்தம் கைப்பேசியில் பொத்தானை அழுத்துகின்றனர். முதலாமவருக்காக இயங்கும் நிரல் ‘எஞ்சிய இடம் 1’ எனப் படிக்கிறது. அது அவ்விடத்தை அளித்து, எண்ணை 0 என மாற்றி எழுதுவதற்குள் இரண்டாம் நிரலும் ‘எஞ்சிய இடம் 1’ என்றே படித்துவிடுகிறது. இருக்கை ஒன்று; அதற்கு உரியவர் இருவர்! இரு நிரல்களும் கணக்கில் பிழை செய்யவில்லை. ஒன்று முடிக்கும்வரை மற்றொன்று காத்திருக்கவில்லை என்பதே குறை.

இக்குறையைத் தீர்க்கும் வழியைக் கணினிக்கு முன்னரே இருப்புப்பாதை கண்டறிந்திருந்தது. இரு நிலையங்களுக்கிடையே ஒற்றைத் தடம் மட்டும் கொண்டு டோக்கன் முறையில் இயங்கும் பாதையில், ஓட்டுநர் நிலையத்தில் டோக்கன் பெற்ற பின்னரே வண்டியைச் செலுத்துவார். இரு நிலையங்களின் டோக்கன் கருவிகளும் மின்னிணைப்பால் பிணைக்கப்பட்டவை. ஒரு டோக்கன் வெளியே இருக்கும்வரை எந்த நிலையத்திலும் மற்றொன்றை எடுக்க இயலாது. நெதர்லாந்துக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960-களில் நிரல்களுக்கு இத்தகைய காவலை வகுத்தபோது, அதற்குச் ‘செமஃபோர்’ எனப் பெயரிட்டார். இரயில் நிலையத்துக் கைகாட்டிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே அது.

காவல் மட்டும் போதுமா? ஒரு நேரத்தில் ஒருவரே உள்ளே செல்வது பாதுகாப்பு. வெளியே நிற்போருள் அடுத்தவர் யார் எனத் தீர்மானிப்பது நேர்மை. கதவு திறக்கும்போதெல்லாம் முண்டியடிப்பவரே நுழைவாராயின், ஓரத்தில் நிற்பவருக்கு என்றுமே இடம் கிடைக்காமற் போகலாம். ஒரு நிரல் இவ்வாறு முடிவின்றிக் காத்திருப்பதைக் கணினியியலார் ‘பட்டினி’ என்றே அழைக்கின்றனர். பொருத்தமான பெயர்தான்! தமிழிலோ ‘முறை’ என்னும் ஒரே சொல், வரிசையில் ஒருவருக்குரிய வாய்ப்பையும் குறிக்கும், நீதியையும் குறிக்கும். ‘இனி என் முறை’ என்கிறோம்; ‘மன்னன் முறை செய்தான்’ என்றும் கூறுகிறோம். (அத்தை, மாமன் என்னும் உறவுக்கும் அச்சொல் உண்டு, அது வேறொரு பாடம்.)

அமெரிக்க அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் 1974-இல் வெளியிட்ட தீர்வு, அடுமனைகளில் வழங்கும் எண்சீட்டை ஒத்தது. புதிதாக வரும் நிரல், பிற நிரல்களின் எண்களைப் பார்த்து, அவற்றுள் பெரியதுடன் ஒன்றைக் கூட்டித் தன் எண்ணாகக் கொள்ளும். சிறிய எண் உடையது முதலில் செல்லும். இதில் ஒரு சிக்கல் உண்டு. கடையில் சீட்டு வழங்க ஒருவர் இருக்கிறார், இங்கோ எவருமிலர். ஆகவே ஒரே சமயத்தில் வரும் இரு நிரல்கள் ஒரே எண்ணைக் கொள்ள நேரிடலாம். அதனால் ஒவ்வொரு நிரலுக்கும் முன்னரே மாறாத அடையாள எண் ஒன்று தரப்பட்டிருக்கும். சீட்டெண் சமமானால் அடையாள எண் சிறியது முந்தும். ஒரு நிரல் தன் எண்ணைத் தேர்ந்துகொண்டிருக்கும்போது, அது தேர்ந்து முடிக்கும்வரை மற்றவை பொறுத்திருக்க வேண்டும் என்பது மற்றொரு விதி. பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் இவ்விதி இல்லையெனில், இரண்டு நிரல்கள் ‘எனக்கே முதலிடம்’ எனக் கருதி ஒருங்கே நுழைந்துவிடக்கூடும்.

வந்த வரிசைப்படியே எல்லாம் நடப்பது எப்போதும் சரியாகுமா? விபத்தில் அடிபட்டு வந்தவரை மருத்துவமனையில் டோக்கன் எண் வரும்வரை அமரச் செய்வதில்லை. கணினியிலும் அவசரப் பணிகளுக்கு முன்னுரிமை உண்டு. ஆயினும் முன்னுரிமையும் பூட்டும் சேரும் இடத்தில் மிகுந்த கவனம் வேண்டும். இதற்குச் செவ்வாய்க் கோளில் நிகழ்ந்த ஒன்றே சான்று.

1997 ஜூலை 4 அன்று நாசாவின் ‘பாத்ஃபைண்டர்’ விண்கலம் செவ்வாயில் தரையிறங்கியது. சில நாள்களில் அதன் கணினி தானே நின்று மீண்டும் தொடங்கலாயிற்று. அவ்வாறு நேரும்போது அன்றைய எஞ்சிய பணிகள் மறுநாளைக்குத் தள்ளிப்போயின. காரணம் இதுதான்: கலத்தின் பகுதிகளிடையே செய்தி கடத்துவதை மேலாளும் பணிக்கு உயர்ந்த முன்னுரிமை, வானிலைத் தரவு திரட்டும் பணிக்குத் தாழ்ந்த முன்னுரிமை. இரண்டும் ஒரே பூட்டைப் பகிர்ந்துகொண்டன. வானிலைப் பணி பூட்டை வைத்திருக்கையில் உயர்ந்த பணி வந்தால் சற்றுக் காத்திருக்கும், அதில் தவறில்லை. ஆனால் அவ்வேளையில் நடுத்தர முன்னுரிமை உடைய தகவல் தொடர்புப் பணி எழுந்தது. அதற்குப் பூட்டே வேண்டியதில்லை. தன்னினும் தாழ்ந்த வானிலைப் பணியை நிறுத்திவிட்டு அது நெடுநேரம் ஓடியது. வானிலைப் பணி இயங்கினாலன்றோ பூட்டைத் திறக்கும்? இவ்வாறு எல்லாவற்றினும் அவசரமான பணி, நடுத்தரப் பணிக்காகக் காத்துக் கிடந்தது. அப்பணி குறித்த நேரத்தில் முடியாமையைக் கண்ட காவல் கடிகாரம் கணினியை மீண்டும் தொடக்கிவிட்டது.

பொறியாளர்கள் பூமியிலிருந்த மாதிரிக் கருவியில் இதே நிலையை மீண்டும் உண்டாக்கிக் காரணத்தைக் கண்டனர். மருந்தும் முன்னரே இருந்தது. உயர்ந்த பணி தனக்காகக் காத்திருக்கும்போது, பூட்டை வைத்திருக்கும் தாழ்ந்த பணி அதன் முன்னுரிமையைக் கடனாகப் பெறும். பூட்டைத் திறந்ததும் திருப்பித் தரும். இதனை ‘முன்னுரிமை மரபேற்றல்’ எனலாம். இதனை விரிவாக ஆராய்ந்து 1990-இல் கட்டுரை வெளியிட்ட மூவருள் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்ற இரகுநாதன் இராஜ்குமார். விண்கலத்தின் மென்பொருளில் இவ்வசதி இருந்தும், அந்தப் பூட்டுக்கு அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பூமியிலிருந்து செய்தி அனுப்பி அதை இயங்கச் செய்தனர். அக்கோளாறு நின்றது.

அருஞ்சொற்பொருள்
நிரல் – கணினிக்கு இடும் கட்டளைத் தொகுதி
அடுமனை – ரொட்டி முதலியன செய்து விற்கும் கடை
கைகாட்டி – இரயில் பாதையில் சைகை காட்டும் கம்பம்
எஞ்சிய – மீதமுள்ள

பயிற்சி
1. ‘முறை’ என்னும் சொல்லை மூன்று பொருள்களில் அமைத்துத் தொடர்கள் எழுதுக.
2. லாம்போர்ட்டின் தீர்வில் இரு நிரல்கள் ஒரே எண்ணைப் பெறுவது எவ்வாறு நிகழும்?
3. தகவல் தொடர்புப் பணிக்குப் பூட்டுத் தேவைப்படாத போதும் உயர்ந்த பணி ஏன் தடைப்பட்டது?
4. படம் வரைய எழுதுகோலும் அளவுகோலும் வேண்டும். கண்ணன் எழுதுகோலையும், மீனா அளவுகோலையும் எடுத்துக்கொண்டு, மற்றவர் தரட்டும் எனக் காத்திருக்கின்றனர். இந்நிலை இனி வராமல் இருக்க, இருவரும் பின்பற்றத்தக்க ஒரு விதியை வகுத்து ஐந்து வரிகளில் எழுதுக.