மரபுவழி வளர்சிதை மாற்றக் கோளாறுகள்: மருந்தா, கல்லீரல் மாற்றா?

ஒரு நொதி பிறவியிலேயே குறைபடுவதால் ஏதேனும் ஒரு பொருள் முழுமையாகச் சிதையாமல் உடலில் தேங்கி நஞ்சாகும் நிலையை மரபுவழி வளர்சிதை மாற்றக் கோளாறு என்பர். இத்தகைய நொதிகளுள் பல கல்லீரலில் இயங்குவதால், கல்லீரலை மாற்றுவது பழுதற்ற மரபணு கொண்ட உறுப்பை உடலில் வைப்பதாகிறது. எனினும் மருந்து, உணவுக் கட்டுப்பாடு, உறுப்பு மாற்று ஆகியவற்றுள் எது பொருந்தும் என்பதை, குறைபாடு கல்லீரலோடு நிற்கிறதா, பிற உறுப்புகளிலும் உள்ளதா என்ற கேள்வியே முதலில் தீர்மானிக்கிறது.

சில நோய்களில் மருந்தே முந்துகிறது. முதல் வகை டைரோசினீமியாவுக்கு ஒருகாலத்தில் உறுப்பு மாற்றே வழியாக இருந்தது. நஞ்சு உருவாவதையே தடுக்கும் நிட்டிசினோன் மருந்தின் பயன் 1992-இல் வெளியான பின், மருந்துக்கு இணங்காதவர்களுக்கும் கல்லீரல் புற்றுநோய் ஐயம் உள்ளவர்களுக்கும் மட்டுமே அறுவை தேவைப்படுகிறது. செம்பு தேங்கும் வில்சன் நோயிலும் பெனிசிலமைன், துத்தநாகம் போன்ற மருந்துகளே முதல் தேர்வு. கல்லீரல் திடீரெனச் செயலிழந்தால் நிலைமை மாறி, உறுப்பு மாற்று தேவைப்படுகிறது.

முடிவெடுக்க மிகக் கடினமானவை யூரியா சுழற்சிக் கோளாறுகள். புரதம் சிதையும்போது உண்டாகும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றும் பணி தடைப்படுவதால் மூளை பாதிக்கப்படுகிறது. ஆனால் கல்லீரலோ பெரும்பாலும் நலமாகவே தோன்றுவதால், அதை எடுத்துவிடப் பெற்றோர் தயங்குவது இயல்பே. புரதக் குறைப்பும் சோடியம் பென்சோவேட், பீனைல்பியூட்டிரேட் போன்ற மருந்துகளும் அம்மோனியாவைத் தணிக்கும் என்றாலும், ஒரு சாதாரணக் காய்ச்சலோ வாந்தியோகூட அதை மீண்டும் உயர்த்திவிடக்கூடும். உறுப்பு மாற்று இந்த அபாயத்தை நீக்கி இயல்பான உணவுக்கு வழிவிடுகிறது. ஆனால் மூளையில் ஏற்கெனவே நேர்ந்த சேதத்தை அது மீட்பதில்லை. ஆகவே பிறந்த சில நாட்களிலேயே கடுமையாக வெளிப்பட்ட நோயில், குழந்தையின் நிலை சீரானதும் அறுவையைத் தள்ளிப்போடாமல் திட்டமிடுவதே அறிவுடைமை. அரிதாகவே நெருக்கடி வரும் மிதமான நோய்க்கு மருந்து போதும்.

மேப்பிள் சிரப் சிறுநீர் நோயில் உடலின் மொத்த நொதித் திறனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே கல்லீரலுக்கு உரியது. ஆயினும் அந்தப் பங்கு கிடைத்தாலே குழந்தை தடையின்றி உண்ண முடிகிறது. அகற்றப்பட்ட கல்லீரலைக்கூட வேறொருவருக்குப் பொருத்தலாம். பெறுபவரின் தசை முதலிய திசுக்கள் அந்தக் குறையை ஈடுசெய்துவிடுகின்றன. மெத்தில்மலோனிக் அசிடீமியாவில் தடையின்றி உண்ணும் இந்த நற்பேறு இல்லை. மாற்றுக்குப் பின் நெருக்கடிகள் குறைந்தாலும் சிறுநீரகமும் மூளையும் பாதிப்புக்கு இலக்காகவே இருப்பதால், உணவுக் கட்டுப்பாடும் கண்காணிப்பும் தொடர வேண்டும் என்பதை அறுவைக்கு முன்பே குடும்பத்தாரிடம் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

அறுவையின் வகையும் நோயைப் பொறுத்ததே. பிலிரூபினை வெளியேற்ற இயலாத முதல் வகை கிரிக்ளர்–நஜ்ஜார் நோயில் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஒளிச் சிகிச்சை தேவைப்படுவதோடு, வளர்ந்த உடலில் அதன் பலனும் குறைகிறது. இங்கே சொந்தக் கல்லீரலின் ஒரு பகுதியை விட்டுவைத்துக் கொடைப் பகுதியைச் சேர்க்கும் துணைக் கல்லீரல் மாற்று பொருந்தும். பின்னாளில் மரபணுச் சிகிச்சை கைகூடினால் எஞ்சிய உறுப்பு உதவும். முதல் வகை ஹைப்பர்ஆக்சலூரியாவில், எஞ்சும் கல்லீரல் ஆக்சலேட்டைத் தொடர்ந்து சுரக்கும் என்பதால் முழு மாற்றே ஏற்றது. இந்நோய்க்கு 2020-இல் ஒப்புதல் பெற்ற லுமாசிரான் ஊசி பலரது தேர்வை மாற்றியிருக்கிறது. எவ்வகையாயினும் உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கும் மருந்துகள் பொதுவாக வாழ்நாள் முழுதும் வேண்டியவை. அவை தொற்றுக்கு இடமளிப்பவை.

கொடையாளர் பெரும்பாலும் தாயோ தந்தையோதான். ஒடுங்கு மரபுவழி நோய்கள் பலவற்றில் பெற்றோர் பழுதுற்ற மரபணுவைத் தாங்கியிருந்தும் கொடையளிக்கலாம். யூரியா சுழற்சிக் கோளாறுகளுள் ஒன்றான, எக்ஸ் குரோமோசோம் வழி வரும் ஓ.டி.சி. குறைபாட்டில் தாய்க்கு மட்டும் கூடுதல் பரிசோதனை தேவை. தமிழகத்தில் அக்காள் மகளையோ அத்தை, மாமன் பிள்ளைகளையோ மணக்கும் வழக்கம் ஒடுங்கு நோய்களின் வாய்ப்பைக் கூட்டுவதால், அடுத்த குழந்தைக்கான மரபணு ஆலோசனையும் இதே கட்டத்தில் அவசியமாகிறது. இந்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கை யூரியா சுழற்சிக் கோளாறுகள் உள்ளிட்ட சிலவற்றுக்கான கல்லீரல் மாற்றை முதல் பிரிவில் சேர்த்துள்ளது. 2022 முதல் இக்கொள்கையின் நிதியுதவி வரம்பு 50 லட்சம் ரூபாய். அங்கீகரிக்கப்பட்ட சிறப்பு மையங்கள் வழியாகவே இந்த உதவி கிடைப்பதால், நோய் உறுதியானவுடனேயே அங்கே பதிவு செய்வது நல்லது.