செப்புத் தகட்டில் இடிபாடுகள்

பத்து காஜா அருகிலுள்ள கெல்லி மாளிகைக்குச் சுற்றுலா செல்லும் புந்தோங் மாணவர்கள் கைப்பேசியில் படம் எடுக்காமல் திரும்புவதில்லை. 1926இல் உரிமையாளர் இறந்ததால் பாதியில் நின்றுபோன கட்டடம் அது. நண்பனைச் சற்றுத் தள்ளிச் சுவரோரம் நிற்கச் சொல்லிப் பாருங்கள். படத்தில் மாளிகை இன்னும் பெரிதாகத் தெரியும்.

இந்த உத்தியைப் புகைப்படக் கருவி தோன்றுமுன்பே கையாண்டவர் இத்தாலிய ஓவியர் பிரனேசி (1720–1778). ரோம் நகரின் இடிபாடுகளை அவர் அச்சோவியங்களாக்கினார். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கோடு கீறி, அமிலத்தில் இடுவார். கீறிய இடங்களை மட்டும் அமிலம் அரிக்கும். அப்பள்ளங்களில் மை நிரப்பித் தாளை வைத்து அழுத்தினால் ஓவியம் பதியும். மாபெரும் தூண்களின் காலடியில் எறும்பளவு மனிதர்கள்; வெடிப்புகளில் செடிகொடிகள். செர்மானியக் கவிஞர் கெதே, ரோமின் பழைய குளியல் மண்டபங்களை நேரில் கண்டபோது, பிரனேசியின் ஓவியங்கள் தந்த நிறைவு கிட்டவில்லை என எழுதினார்.

அதற்காக அச்சோவியங்களைப் பொய் என்று தள்ளிவிடலாமா? ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியமும் 1792இல் மதுரைக்கு வந்தனர். திருமலை நாயக்கர் அரண்மனையின் இடிபாட்டை வரைந்து, 1798இல் இலண்டனில் அச்சோவியமாக வெளியிட்டனர். நேப்பியர் பிரபு சென்னை ஆளுநராக இருந்தபோது (1866–1872) அவ்வரண்மனை செப்பனிடப்பட்டது. இன்று நாம் வியப்பது செப்பனிட்ட தூண்களையே. அதற்கு முன் அது எப்படிக் கிடந்தது என்று அறிய, அத்தகைய பழைய தாள்களைத்தான் புரட்ட வேண்டும்.