அம்மா அப்பாவுக்கு அமெரிக்க டிக்கெட்: எந்த வழி, எந்த சீட்?

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது. மகளின் பிரசவத்துக்கோ பேரனின் முதல் பிறந்தநாளுக்கோ கிளம்பும் பெற்றோர் எங்கேயாவது இறங்கி, விமானம் மாறித்தான் போயாக வேண்டும். வீட்டுப்படி இறங்கியதிலிருந்து கணக்குப் போட்டால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். அறுபத்தைந்து எழுபது வயதில் அது சிறிய விஷயம் இல்லை. பிள்ளைகளும் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். கழுத்துத் தலையணை, காதில் வைக்கும் பஞ்சு என்று எல்லாம் வாங்கித் தருகிறார்கள். ஆனால் அம்மாவின் கால் வீங்குமா, அப்பாவுக்குத் தூக்கம் வருமா என்பதில் பெரும்பகுதி டிக்கெட் போடும் அன்றே முடிவாகிவிடுகிறது. அதனால் டிக்கெட் போடப்போகும் மகனுக்கும் மகளுக்கும்தான் இதை எழுதுகிறேன்.

எந்த வழியாக?

முதலில் வளைகுடா. சென்னையிலிருந்து துபாய், அபுதாபி, தோஹா மூன்றுக்கும் நாலு, நாலே முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். கஷ்டம் அதற்குப் பிறகுதான். அங்கிருந்து நியூயார்க் சுமார் 14 மணி நேரம். ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ் என்றால் 16 மணி நேரம் வரை போகும். பயணத்தின் பாரம் முழுவதும் இரண்டாவது விமானத்தில் குவிந்துவிடுகிறது. முழங்கால் வலி, இடுப்பு வலி உள்ளவர்களுக்கு எட்டு மணி நேரத்துக்குப் பிறகு வரும் ஒவ்வொரு மணியும் கனமானது. ஆனாலும் முதல்முறை தனியாகப் போகிறவர்களுக்கு இந்த வழியில் ஒரு தைரியம் உண்டு. சென்னையிலிருந்து கூடவே வரும் கூட்டத்தில் அதே அமெரிக்க விமானத்துக்கு மாறுகிற தமிழ்க் குடும்பம் ஒன்றாவது அநேகமாக இருக்கும். வழி கேட்க ஆள் கிடைக்கும்.

இந்த மூன்றில் அபுதாபிக்குத் தனிச் சிறப்பு உண்டு. 2014 முதல் அமெரிக்க இமிகிரேஷன், சுங்கச் சோதனை இரண்டையும் அங்கேயே முடித்துக்கொள்ள ஏற்பாடு இருக்கிறது. மற்ற வழிகளில் போனால், அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே வரிசையில் நின்று, 23 கிலோ பெட்டிகளை பெல்ட்டிலிருந்து இறக்கி, சுங்கம் கடந்து, அடுத்த விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்க வேண்டும். தூக்கமில்லாத உடம்போடு, புரியாத உச்சரிப்பில் அதிகாரி கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அபுதாபியில் முடித்துவிட்டால் அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணிபோல இறங்கி நடந்து வந்துவிடலாம். உங்கள் ஊருக்குப் போக அமெரிக்காவுக்குள் இன்னொரு விமானம் மாற வேண்டியிருந்தால் இந்த வசதிக்கு மதிப்பு இரட்டிப்பாகும். ஒரு நிபந்தனை: அங்கே வரிசை நீளமாக இருக்கக்கூடும், மூன்று மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியில் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

அடுத்தது ஐரோப்பா. சென்னை–லண்டன் பத்தரை மணி நேரம், லண்டன்–நியூயார்க் எட்டு மணி நேரம். பிராங்பர்ட் வழியும் ஏறத்தாழ இப்படித்தான். தூரம் நடுவில் முறிகிறது. பாதி வழியில் எழுந்து, நடந்து, முகம் கழுவி, ஒரு காபி குடித்துவிட்டு மறுபடி உட்காரலாம். கால் வீக்கமும் மூட்டுவலியும் உள்ளவர்கள் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போவதானால் என் ஓட்டு இதற்குத்தான். டிரான்சிட் விசா விதியை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் பொதுவாக விலக்கு கிடைக்கும்; ஆனால் இந்த விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. லண்டனில் ஒரு முனையத்திலிருந்து இன்னொன்றுக்கு பஸ்ஸில் போக வேண்டிய டிக்கெட்டையும் தவிர்த்துவிடுங்கள்.

கலிபோர்னியா என்றால் கிழக்கு வழியையும் யோசிக்கலாம். ஹாங்காங்குக்கு ஆறு மணி நேரம், அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம். வளைகுடா வழியின் 16 மணி நேரத்தோடு ஒப்பிட்டால் உடம்புக்கு இது மேல். சுத்த சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு விமான நிலையத்தில் சாப்பாடு கொஞ்சம் சிரமம், கட்டிக்கொடுத்து அனுப்புங்கள்.

டெல்லி, மும்பை வழியை நான் கடைசியில்தான் வைப்பேன். நம் நாட்டு விமானம், பழகிய சாப்பாடு என்பது ஈர்ப்புதான். ஆனால் 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வெளி இந்திய விமானங்களுக்கு மூடப்பட்ட பிறகு டெல்லியிலிருந்து அமெரிக்கா போகும் விமானங்கள் சுற்றிப் போக நேர்ந்தது. சில நடுவில் எரிபொருள் நிரப்ப ஐரோப்பாவில் இறங்கின. முன்பதிவு செய்யும்போது அன்றைய நிலவரத்தைப் பாருங்கள். இன்னொன்று, திரும்பி வரும்போது பெரும்பாலும் டெல்லியிலேயே பெட்டிகளை எடுத்து, சுங்கம் முடித்து, சென்னை விமானத்துக்கு மறுபடி போட வேண்டியிருக்கும்.

எந்த வழியானாலும் இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில், ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்க வேண்டும். தனித்தனியாக வாங்கினால் பணம் மிச்சமாகலாம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். அடுத்தது, ஒன்றரை மணி நேர இடைவெளியைக் காட்டி மலிவாக வரும் டிக்கெட். ஓடத் தெரிந்த இளைஞர்களுக்கானது அது. பெரியவர்களுக்கு மூன்று, நான்கு மணி நேரம் வேண்டும். எட்டு மணி நேரம் என்றால் இரும்பு நாற்காலியிலேயே இடுப்பு ஒடிந்துவிடும்.

ஜன்னலா, ஐல் சீட்டா?

பெற்றோரைக் கேட்டால் ஜன்னல் என்பார்கள். "எனக்கு எதுவானாலும் சரிப்பா" என்றும் சொல்வார்கள். அதைக் கேட்டு விட்டுவிடாதீர்கள்.

நம் வீட்டுப் பெண்களுக்கு ஒரு சுபாவம் உண்டு. பக்கத்தில் முன்பின் தெரியாத ஆள் தூங்கிக்கொண்டிருந்தால், அவரை எழுப்பி வழிகேட்டு பாத்ரூம் போக மனம் வராது. அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதற்காகவே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழேதான். அந்த வறட்சியில் தண்ணீரும் இல்லாமல், எழுந்து நடக்காமல், கால் தொங்கியபடியே 14 மணி நேரம் இருந்தால் என்ன ஆகும்? இறங்கும்போது செருப்பு நுழையாது. வீக்கம் பெரும்பாலும் இரண்டு நாளில் வடிந்துவிடும். ஆனால் அசையாத காலில் ரத்தம் உறைந்து கட்டியாவது வேறு ரகம். அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்களில் இந்த அபாயம் இரண்டு மூன்று மடங்கு கூடுவதாகச் சொல்கிறது. ஆரோக்கியமானவர்களிடையே ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்கு. பயப்பட வேண்டிய எண் இல்லை, அலட்சியப்படுத்தவும் முடியாது. ஜன்னல் சீட்டில் அசையாமல் இருப்பவர்களுக்கு அபாயம் கூடுதல் என்றே மருத்துவ வழிகாட்டுதல்களும் சொல்கின்றன.

ஆகவே ஐல் சீட்தான். முன்பதிவுக்குத் தனியாகக் கட்டணம் கேட்டாலும் கட்டுங்கள். ஆயிரம் டாலர் டிக்கெட் எடுத்துவிட்டு இந்தச் சிறு தொகையில் கணக்குப் பார்ப்பது சரியில்லை.

இருவராகப் போனால் ஒரே வரிசையில் நடைவழியின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு ஐல் சீட்களை எடுப்பதுதான் சிறந்த ஏற்பாடு. யாரும் யாரையும் எழுப்ப வேண்டாம், கைநீட்டினால் மாத்திரை டப்பாவை மாற்றிக்கொள்ளலாம். ஒட்டி உட்கார்ந்தால்தான் அம்மாவுக்கு நிம்மதி என்றால் நடு வரிசையில் ஐல் சீட்டும் அதற்கு அடுத்ததும். ஏர்பஸ் ஏ330 விமானமாக இருந்தால் பெரும்பாலும் 2-4-2 அமைப்பு. ஜன்னலோரம் இரண்டே சீட், மூன்றாம் ஆள் இல்லை. தம்பதிக்கு அதைவிட நல்ல இடம் எகானமியில் கிடையாது.

கால் நீட்ட இடம் என்று முன்சுவரை ஒட்டிய வரிசையை எடுப்பவர்கள் உண்டு. அங்கேதான் கைக்குழந்தைத் தொட்டில் மாட்டுவார்கள், அழுகை இருக்கும். கைப்பிடியைத் தூக்க முடியாது, கைப்பையைக் காலடியில் வைக்க விடமாட்டார்கள். அவசர வழிச் சீட் பெரியவர்களுக்குத் தரமாட்டார்கள். ஆபத்து நேரத்தில் கதவைத் திறக்கும் வலு வேண்டும் என்பது விதி. கடைசி வரிசை வேண்டாம். பாத்ரூம் கதவின் சத்தம், வரிசையில் நிற்பவர்களின் நெரிசல் எல்லாம் அங்கேதான். பாத்ரூமிலிருந்து ஐந்தாறு வரிசை தள்ளி இருந்தால் போதும்.

விமானத்தின் வகை

டிக்கெட் தளத்தில் விமானத்தின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். அதையும் படியுங்கள். போயிங் 777இல் இப்போது பல நிறுவனங்கள் ஒரு வரிசைக்குப் பத்துப் பேரை அடுக்குகின்றன. சீட்டின் அகலம் 17 அங்குலம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஏர்பஸ் ஏ380, ஏ350 இரண்டிலும் பெரும்பாலும் ஓர் அங்குலம் கூடுதல். தோள் இடிக்காமல் தூங்க அது போதும். போயிங் 787, ஏ350 இரண்டுக்கும் வேறொரு நன்மை: மற்ற விமானங்களின் உள்ளே காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல் இறங்கக்கூடும், இவற்றில் 6,000 அடி அளவோடு நிறுத்திவிடுகிறார்கள். தலைவலியும் களைப்பும் குறைகிறது. ஆனால் 787 சீட் ஒடுக்கம்தான். ஒரே விலையில் கிடைத்தால் ஏ350 எடுங்கள்.

பிரீமியம் எகானமிக்குப் பணம் போடலாமா? முன்பின் இடைவெளி எகானமியில் 31, 32 அங்குலம். பிரீமியத்தில் 38 அங்குலம் அளவுக்கு வரும். சாய்மானமும் கூடுதல். கையில் பணம் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். பட்ஜெட் இடித்தால், நீண்ட விமானத்துக்கு மட்டும் எடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நான்கு மணி நேர துபாய் விமானத்துக்கு அது வீண்செலவு.

காலும் மாத்திரையும்

முழங்காலுக்குக் கீழே இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஷன் சாக்ஸ் வீக்கத்தைக் குறைக்கிறது, அறிகுறி காட்டாத ரத்தக்கட்டியையும் குறைக்கிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. கால் அளவு எடுத்து வாங்கி, அன்று காலையிலேயே போட்டுவிடுங்கள். காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள், சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. ரத்தம் உறையாதிருக்க யாரோ சொன்னார்கள் என்று ஆஸ்பிரின் விழுங்குவதும் வேண்டாம்.

மாத்திரை, இன்சுலின் எல்லாம் கைப்பையில்தான். சரக்குப் பெட்டியில் இன்சுலின் உறைந்து கெட்டுவிடக்கூடும். மேற்கே போகும்போது பகல் நீண்டுகொண்டே போவதால் எந்த வேளைக்கு எவ்வளவு என்று குழப்பம் வரும். டாக்டரிடம் நேர அட்டவணை எழுதி வாங்குங்கள். சைவச் சாப்பாட்டை முன்கூட்டியே பதிவு செய்தால் மற்றவர்களுக்கு முன்னால் வந்துவிடும், சர்க்கரைக்காரர்களுக்கு அது உதவி. கூடவே பொடி தடவிய இட்லியோ புளியோதரையோ ஒரு வேளைக்கு. மிச்சமிருந்தால் அமெரிக்காவில் இறங்குவதற்கு முன் சாப்பிட்டுவிட வேண்டும். பழம் எதுவும் கொண்டுபோகக் கூடாது.

இன்னொன்றை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. விமானப் பாத்ரூம் கதவை நடுவில் தள்ளினால் மடிந்து உள்ளே போகும், தாழ் போட்டால்தான் விளக்கு பிரகாசமாக எரியும், ஃப்ளஷ் பெரிய சத்தம் போடும், கழுவத் தண்ணீர்க் குழாய் இருக்காது. ஒரு காலி பாட்டிலைக் கைப்பையில் வையுங்கள். இவ்வளவும் தெரிந்தால் அம்மா தண்ணீர் குடிக்கத் தயங்க மாட்டார்.

வீல்சேர்

"நான் நல்லாத்தானே நடக்கிறேன், எனக்கெதுக்கு?" என்று அப்பா கேட்பார். முனையத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல்கூட நடக்க வேண்டி வரலாம் என்று சொல்லுங்கள். வீல்சேரோடு வரும் ஆள் செக்யூரிட்டி, இமிகிரேஷன் எல்லாவற்றையும் கடத்தி கேட் வரை கொண்டுபோய் விடுவார். கட்டணம் இல்லை. குறையும் உண்டு: எல்லோரும் இறங்கிய பிறகுதான் இறக்குவார்கள், மாறும் இடத்தில் ஓர் ஓரமாக உட்காரவைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பசித்தால், பாத்ரூம் போக வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.

திரும்பி வரும் பயணத்துக்கும் இதே கவனம் வேண்டும். கிழக்கு நோக்கி வரும்போது தூக்கம் சீராக அதிக நாள் பிடிக்கும். ஆறு மாதம் சமைத்து, குழந்தை பார்த்துக் களைத்த உடம்போடு வருகிறார்கள். போகும்போது ஐல் சீட் எடுத்த பிள்ளைகள் வரும்போது எடுக்க மறந்துவிடுகிறார்கள். போக இரண்டு, வர இரண்டு என்று நான்கு விமானங்களுக்கும் சீட்டும் வீல்சேரும் பதிவாகியிருக்கிறதா என்று, கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் விமான நிறுவனத்துக்கு போன் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்டு உறுதிசெய்யுங்கள்.