வாக்களிக்கப்பட்டவர்: உரிமைகோரலும் மறுப்பும் – முக்கியக் குறிப்புகள் (சாமித்தோப்பு 1833, ஷீராஸ் 1844)

அடிப்படை
- வாக்களிக்கப்பட்டவர்: யுக முடிவில் அல்லது இறுதிக்காலத்தில் தோன்றி நீதியை நிலைநாட்டுவார் என மறைநூல்களோ மரபோ முன்னறிவித்தவர்
- வைணவம்: கல்கி; சுன்னி, ஷியா: இமாம் மஹ்தி; கிறித்தவம், இஸ்லாம்: ஈஸாவின் (இயேசுவின்) மறுவருகை; பௌத்தம்: மைத்ரேயர்
- 19-ஆம் நூற்றாண்டின் இரு உரிமைகோரல்கள், 11 ஆண்டு இடைவெளியில்: நாஞ்சில் நாட்டில் வைகுண்டர், ஈரானில் பாப். ஒன்றுக்கொன்று தொடர்பில்லை

சாமித்தோப்பு: அய்யா வைகுண்டர்
- பிறப்பு: 1809, அன்றைய தென் திருவிதாங்கூர், நாடார் குடும்பம்
- பெற்றோர்: பொன்னுமாடன், வெயிலாள்
- இட்ட பெயர்: முடிசூடும் பெருமாள். உயர்சாதியினர் எதிர்ப்பு, முத்துக்குட்டி எனப் பெயர் மாற்றம்
- மறுப்பின் தொடக்கம் இப்பெயர் மாற்றமே: அவதார உரிமைகோரலுக்கு முன்பே, தொட்டிலில்
- அவதார நாள்: கொல்லம் 1008 மாசி 20 (1833), திருச்செந்தூர்க் கடல். ஆண்டுதோறும் மாசி 20 குமரி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை
- உரிமைகோரல்: கலியை அழித்துத் தர்மயுகம் அமைக்க வந்த நாராயண அவதாரம்
- மறைநூல்கள்: அகிலத்திரட்டு அம்மானை, அருள்நூல்
- அகிலத்திரட்டு: அரிகோபாலன் சீடர் எழுதியது, கொல்லம் 1016, முதல் அச்சு 1939
- யுகங்கள் எட்டு: நீடிய, சதுர, நெடு, கிரேத, திரேதா, துவாபர, கலி, தர்ம
- தீமையின் உருவம்: குறோணி; ஆறு துண்டுகளாக வெட்டப்பட்டவன்
- சமத்துவ சமாஜம்: 1836. முத்திரிக்கிணறு: சாதி வேறுபாடற்ற பொதுக்கிணறு
- துவையல் தவசு (உடலும் உடையும் தூய்மை காக்கும் கூட்டுத் தவம்): வாகைப்பதி, 700 குடும்பங்கள் என்பது மரபு
- பஞ்சப்பதிகள் (ஐந்து முதன்மை வழிபாட்டிடங்கள்): சாமித்தோப்பு, முட்டப்பதி, தாமரைக்குளம், அம்பலப்பதி, பூப்பதி
- சிறு வழிபாட்டிடம்: நிழல்தாங்கல். சிலை இல்லை; கண்ணாடியும் விளக்கும்
- வழிபாட்டில் ஆண்களுக்குத் தலைப்பாகை: ஒடுக்கப்பட்டோர்க்கு மறுக்கப்பட்ட முடியின் மீட்பு
- மறைவு: கொல்லம் 1026 வைகாசி 21 (1851)

வைகுண்டர் மறுப்பு: இரு திசைகள்
- அரசு: சுவாதித் திருநாள் (ஆட்சி 1829–1846). கைது, திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறை
- மிஷன்: லண்டன் மிஷனரி சங்கம் (மயிலாடியில் ரிங்கல்தௌபே, நாகர்கோவிலில் 1818 முதல் சார்லஸ் மீட்). முத்துக்குட்டி இயக்கம் மதமாற்றத்துக்குத் தடை எனச் சங்க அறிக்கைகள்
- வைகுண்டர் சொல்லாட்சி: ஆங்கிலேயர் வெண்ணீசர், திருவிதாங்கூர் மன்னர் கலிநீசன்
- கவனத்துக்குரிய வேறுபாடு: அவதார மரபில் "இனி எவரும் இல்லை" என்ற முத்திரை கிடையாது. எனவே அரசின் மறுப்பு நூல் வழி அன்று, சாதி வழி. ஈரானில் நூல் வழி

பாபிய, பஹாய் காலவரிசை
- ஹிஜ்ரி 260 (874): ஷியா 12-ஆவது இமாம் கண்ணுக்கு மறைந்தது (இறப்பு அன்று)
- ஹிஜ்ரி 1260 (1844 மே 22 இரவு): ஷீராஸில் சையத் அலீ முஹம்மதின் (பாப்) அறிவிப்பு, சரியாக 1000 சந்திர ஆண்டுகள்
- முதல் நம்பிக்கையாளர்: முல்லா ஹுசைன். முதல் சீடர்கள் 18. ஒரே பெண் தாஹிரா
- 1848: பாபியரின் பதஷ்த் மாநாடு, தப்ரீஸில் பாப் மீது உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) விசாரணை
- 1850 ஜூலை 9: தப்ரீஸில் பாப் மரண தண்டனை, வயது 30
- 1863: பாக்தாத் ரித்வான் தோட்டத்தில் மீர்ஸா ஹுசைன் அலீயின் (பஹாவுல்லா) அறிவிப்பு: பாப் முன்னறிவித்தவர் தாமே
- 1873: கிதாபே அக்தஸ் (சட்டநூல்). 1892 மே 29: பஹாவுல்லா மறைவு, அக்கா நகர் அருகே பஹ்ஜி
- இந்துக்களிடையே பஹாய் முன்வைப்பு: பஹாவுல்லாவே கல்கி

இஸ்லாமிய மறுப்புகள்
- மையம்: காத்தமுன் நபிய்யீன் (நபிமார்களின் முத்திரை), குர்ஆன் 33:40
- பஹாய் விளக்கம்: முடிந்தது நபித்துவச் சுழற்சி; புதிய ரசூல் (இறைத்தூதர்) வரலாம். துணைச்சான்று 7:34–35
- மறுமொழி: ரசூல் ஒவ்வொருவரும் நபியே, நபித்துவம் மூடினால் ரிசாலத்தும் (தூதுத்துவமும்) மூடும். 7:35 ஆதமின் மக்கள் அனைவருக்குமான பொது விளிப்பு, எதிர்கால அறிவிப்பு அன்று
- சுன்னி மறுப்பு: மஹ்தியின் பெயரும் தந்தை பெயரும் நபியுடையவற்றோடு ஒத்தவை (முஹம்மது பின் அப்துல்லாஹ்) என்ற ஹதீஸ். பாப் பெயர் அலீ முஹம்மது, தந்தை முஹம்மது ரிதா
- ஷியா மறுப்பு, வலுவானது: மஹ்தி ஹஸன் அஸ்கரியின் மகன், ஏற்கெனவே பிறந்து மறைவில் இருப்பவர், 1819-இல் பிறந்தவர் அவராதல் இயலாது
- அடையாள மறுப்பு: மஹ்தி பூமியை நீதியால் நிரப்புவார், பாப் சிறையிலும் துப்பாக்கிக் குண்டுகளிலும் முடிந்தவர்
- பஹாய் பதில்: கியாமத் (இறுதி நாள்), உயிர்த்தெழல், மறுவருகை அனைத்தும் ஆன்மிகப் பொருள், நூல்: கிதாபே ஈகான்
- ஷரீஅத் மறுப்பு: கிப்லா (தொழுகைத் திசை) பஹ்ஜி, நோன்பு 19 நாள், ஆண்டு 19 மாதம் × 19 நாள் = 361 + இடைநாட்கள். புதிய சட்டம் என்றால் புதிய மதம்
- அக்தஸ் விதி: அடுத்த இறைவெளிப்பாட்டாளர் 1000 ஆண்டுக்கு முன் இல்லை. முத்திரையை உடைத்த மரபே கதவுக்குக் கால வரம்பு இட்டது. விவாதத்தின் மிக நுட்பமான இடம்

நீதிமன்றங்கள்
- 1925, எகிப்து, பேபா ஷரீஅத் நீதிமன்றம்: பஹாய் தனி மதம்; திருமணங்கள் செல்லாது. மறுப்பாகப் பிறந்த தீர்ப்பு, பஹாய்களுக்குத் தனித்தன்மைச் சான்று
- 1922, சென்னை உயர் நீதிமன்றம், நரந்தகத் எதிர் பரக்கல் (மலபார் வழக்கு): அஹ்மதியாக்கள் (காதியான் மீர்ஸா குலாம் அஹ்மதைப் பின்பற்றுவோர்) முஸ்லிம்களே
- 1970, கேரள உயர் நீதிமன்றம், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர்: அதே முடிவு

குழப்பும் இணைகள்
- பாப்: காயிம் (எழுபவர்), மஹ்தி. பஹாவுல்லா: பாப் முன்னறிவித்தவர்
- ஜான்பூர் சையத் முஹம்மது (1443–1505): மஹ்தவிகள். மீர்ஸா குலாம் அஹ்மது (1835–1908): காதியான், அஹ்மதியா 1889
- தில்லித் தாமரைக் கோயில்: பஹாய்; 1986; 27 இதழ்கள்; கட்டடக் கலைஞர் ஃபரிபோர்ஸ் சஹ்பா
- தோள்சீலை (நாடார் பெண்கள் மேலாடை அணியும்) உரிமை அரசாணை: 1859, உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா. வைகுண்டர் மறைந்து 8 ஆண்டுகள் கழித்து